பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மிண்ட் 22.2: மாதக்கணக்கில் புழங்கியவர்கள் சொல்லுங்கள்

#1 வைகைக்கரை, 2 நவம்பர் 2025

2017-இல் வாங்கிய லேப்டாப். ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது. வயதைக் காரணம் காட்டிப் பழைய இரும்புக்காரரிடம் போட மனம் வரவில்லை. அதனால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று யோசிக்கிறேன்.

எனக்கு வேலை மெய்ப்புத் திருத்தம். நாள் முழுக்கத் தமிழ்தான், தமிழ்99 விசைப்பலகை. அச்சகத்திலிருந்து பிடிஎஃப் வரும், எப்போதாவது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பும் வரும். மாலையில் மனைவி இதே லேப்டாப்பில் டியூஷன் எடுப்பார், அதனால் கேமராவும் மைக்கும் கட்டாயம்.

வீடியோக்களில் "பறக்குது" என்று சொல்கிறவர்கள் எல்லாம் போட்ட அன்றைக்கே வீடியோ எடுத்தவர்கள். ஆறு மாதம், ஒரு வருடம் வைத்திருந்தவர்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும். எது வேலை செய்யவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

#2 சாரல்காரன், 2 நவம்பர் 2025

2019-இலிருந்து மிண்ட் மட்டும்தான். உங்களுடையதைவிட ஒரு தலைமுறை பழைய லேப்டாப், சின்னமன் என்ற மிண்டின் முதன்மைப் பதிப்பு. முதல் வேலை, அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி போடுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலேயே மிண்ட் போட்டு "லினக்ஸும் மெதுவாகத்தான் இருக்கிறது" என்று திரும்பிப் போனவர்கள் என் அலுவலகத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். எந்த சிஸ்டம் போட்டாலும் சுழலும் தட்டு சுழலும் தட்டுதான்.

இரண்டாவது, நிறுவுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே ஒரு முழு மாலை ஓட்டிப் பாருங்கள். வால்பேப்பரைப் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று முடித்துவிடாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பொத்தான் கேட்கிறதா, ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கர் அடங்குகிறதா, கேமரா வருகிறதா, எல்லாம் பாருங்கள். கடைசியாக மூடியை மூடிப் பத்து நிமிடம் கழித்துத் திறங்கள். விழித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

#3 கிளிக்_கிளிக், 2 நவம்பர் 2025

ஃபெடோரா போடுங்கள்.

#4 சாரல்காரன், 2 நவம்பர் 2025

அது வேறொரு லினக்ஸ். அவர் இட்லி நன்றாக இருக்குமா என்று கேட்டால் நீங்கள் பூரி சாப்பிடச் சொல்கிறீர்கள். அதற்குத் தனி இழை திறங்கள், அங்கே வந்து நானும் சண்டை போடுகிறேன்.

#5 மாடிப்படி, 3 நவம்பர் 2025

லினக்ஸ் எனக்கு அறிமுகமானதே அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில்தான். பிளஸ் டூ முடித்தபோது வாங்கினேன். விண்டோஸோடு கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் வழி வந்தது. லேப்டாப்பைத் திறந்ததும் எதற்குள் போகிறாய் என்று கேட்கும். வகுப்பில் எல்லாருமே அம்பு விசையை அழுத்தி விண்டோஸுக்குப் போய்விடுவோம். கொஞ்ச நாளில் கடைவீதியில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு பாஸையே துடைத்துத் தர ஆரம்பித்தார். நான் மட்டும் துடைக்கவில்லை. கொள்கை எல்லாம் இல்லை, காசு இல்லை.

அதில்தான் பிற்பாடு மிண்டின் எடை குறைந்த பதிப்பான எக்ஸ்எஃப்சிஈ போட்டேன். 2 ஜிபி ராமில் உலாவியில் மூன்று தாவல் திறந்தால் மூச்சு வாங்கும், ஆனால் எழுதப் படிக்க ஓடியது. உங்களிடம் 8 ஜிபி இருக்கிறது, சின்னமனே தாராளம்.

#6 கணக்குப்பிள்ளை, 3 நவம்பர் 2025

எதிர்க்கட்சியாக ஒரு குரல். எட்டு மாதம் மிண்ட் 21.3 வைத்திருந்துவிட்டு விண்டோஸுக்கே திரும்பியவன் நான். மிண்ட் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒரு தடவைகூடத் தொங்கவில்லை, வேலை நடுவில் தானாக மறுதொடக்கம் ஆகவில்லை. ஆனால் என் தொழிலில் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது. டிஜிட்டல் கையெழுத்து வைத்திருக்கும் யூஎஸ்பி டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருப்பதாகச் சொன்னார்கள். டோக்கன் தெரியும், பாஸ்வேர்டும் கேட்கும், கையெழுத்து மட்டும் விழாது. ஜிஎஸ்டி கடைசித் தேதி அன்று இரவு பத்து மணிக்கு இந்த விளையாட்டு வேண்டாம்.

கொஞ்ச நாள், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸ் வைத்து ஓட்டினேன். டோக்கனை உள்ளே கடத்திவிட்டால் கையெழுத்து விழுந்தது. ஆனால் நாளில் ஏழு மணி நேரம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தேன். வாடகை வீட்டுக்குள் இன்னொரு வாடகை வீடு எதற்கு என்று காலி செய்துவிட்டேன். உங்கள் வேலைக்கு இந்தத் தொல்லை இல்லை, தாராளமாகப் போங்கள்.

#7 யாழ்_நிலா, 3 நவம்பர் 2025

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து. பாவித்த திங்க்பேட் ஒன்று, மூன்று வருடமாக மிண்ட். எனக்கு முதல் கவலை பேட்டரிதான். 2022-இல் நாள் தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது பழகிய பழக்கம், இன்னும் விடவில்லை.

டிஎல்பி என்ற மென்பொருளைப் போட்டு, 75 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் சார்ஜ் ஏறட்டும், 80-இல் நிற்கட்டும் என்று வைத்திருக்கிறேன். எப்போதும் செருகியே வைத்திருப்பவர்களுக்குப் பேட்டரி கெதியாகச் சாகாது. எல்லா லேப்டாப்பும் இதற்கு இடம் கொடுக்காது, திங்க்பேட் கொடுக்கிறது. ஒன்று கவனியுங்கள் அண்ணா. மிண்ட் 22.1-இலிருந்து சின்னமனிலேயே மின்சார நிலைகளை மாற்றும் வசதி வந்துவிட்டது, அதை நடத்துவது வேறொரு சேவை. டிஎல்பி போட்டால் அதை எடுத்துவிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு மாட்டு வண்டிக்கு இரண்டு வண்டிக்காரர் மாதிரி.

#8 வைகைக்கரை, 8 நவம்பர் 2025

எஸ்எஸ்டி போட்டு, மிண்ட் 22.2 நிறுவியாயிற்று. ஆனால் முதல் நாளே வைஃபை இல்லை. பட்டியலில் ஒரு நெட்வொர்க்கும் காட்டவில்லை. டிரைவர் மேனேஜரைத் திறந்தால் இணையம் வேண்டும் என்கிறது. இணையத்துக்கு வைஃபை வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

#9 சாரல்காரன், 8 நவம்பர் 2025

போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போன் அமைப்பில் யூஎஸ்பி டெத்தரிங் போடுங்கள். ஒரு டிரைவரும் வேண்டாம், கம்பி இணையம் வந்த மாதிரி எடுத்துக்கொள்ளும். அப்புறம் டிரைவர் மேனேஜரில் வைஃபை சிப்புக்கு என்ன காட்டுகிறதோ அதைத் தேர்ந்தெடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

பயாஸில் (கணினி எழும்போதே ஓடும் அடிப்படை அமைப்பு) செக்யூர் பூட், அதாவது கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் உள்ளே விடும் காவல், போட்டிருந்தால், டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீலத் திரை வந்து அதையே திரும்பக் கேட்கும். அந்தத் திரையைப் பார்த்துப் பயந்து "தொடர்" என்று அழுத்திவிடாதீர்கள். சாவியைப் பதிவு செய் என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் டிரைவர் இருக்கும், ஆனால் லினக்ஸின் மையமான கர்னல் அதை உள்ளே விடாது.

#10 வைகைக்கரை, 8 நவம்பர் 2025

வைஃபை வந்துவிட்டது! நீலத் திரையும் வந்தது, நல்லவேளை நீங்கள் முன்பே சொன்னீர்கள். கேமரா, மைக், வெளிச்சப் பொத்தான் எல்லாம் கேட்காமலே வேலை செய்கின்றன. மூடியை மூடித் திறந்தாலும் இரண்டு நொடியில் விழிக்கிறது.

#11 புதுவரவு, 9 நவம்பர் 2025

இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம். என்னுடையது 2024-இல் வாங்கிய லேப்டாப், இவருடையதைவிட ஏழு வருடம் இளையது. எனக்கு இவரைவிட இரண்டு மடங்கு தொல்லை.

முதலில் நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை. தேடிப் பார்த்தால் பயாஸில் சேமிப்பகம் ரெய்டு என்ற நிலையில் இருக்கிறது, மிண்டுக்குத் தெரிகிற ஏஹெச்சிஐ நிலைக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். சட்டென்று மாற்றினேன், விண்டோஸ் திறக்கவில்லை. பழையபடி மாற்றி, விண்டோஸை சேஃப் மோடில் திறக்கும்படி வைத்து, அப்புறம் ஏஹெச்சிஐ-க்கு மாற்றினால் பிழைத்தது. அதற்குள் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்டது. 48 இலக்கம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருந்ததால் தப்பித்தேன்.

இப்போதைய பிரச்சினை தூக்கம். இரவு 90 சதவீதத்தில் மூடி வைத்தால் காலையில் 55. ஒரு நாள் பையில் வைத்து அலுவலகம் போய்த் திறந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி சுடுகிறது. மிண்டின் கோளாறா, என் கோளாறா?

#12 கருந்திரை, 9 நவம்பர் 2025

இரண்டும் இல்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பழைய லேப்டாப்புகளில் தூக்கம் என்றால் எஸ்3. ராமுக்கு மட்டும் சொட்டு மின்சாரம் போகும், சிபியு உட்பட மற்றதெல்லாம் அணைந்துவிடும். அதற்குப் பிறகு வந்த பல லேப்டாப்புகளில் இந்த எஸ்3-ஐயே ஃபர்ம்வேரிலிருந்து எடுத்துவிட்டார்கள். செல்போன் மாதிரி எப்போதும் பாதி விழிப்பில் இருக்க வேண்டும், திறந்ததும் செய்தி வந்து நிற்க வேண்டும் என்பது எண்ணம். இதில் சிபியு அணைவதில்லை. தானாக ஆழ்ந்த நிலைக்கு இறங்க வேண்டும். அப்படி இறங்க எஸ்எஸ்டி, வைஃபை, யூஎஸ்பி என்று கூட இருக்கும் எல்லாமும் தூங்கியாக வேண்டும். ஒரே ஒரு பிள்ளை தூங்காமல் அழுதால் வீடே விழித்திருக்கிற மாதிரி, ஒரு சிப் அடம்பிடித்தாலும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். விண்டோஸ் வைத்திருப்பவர்களும் இதே பை சூட்டைப் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள்.

உங்கள் இயந்திரம் எந்த வகை என்று கர்னலே சொல்லும். சிஸ் அடைவுக்குள் பவர், அதற்குள் மெம் ஸ்லீப் என்று ஒரு கோப்பு இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். 'டீப்' என்ற சொல் இருந்தால் எஸ்3 உண்டு, அதையே இயல்பாக வைக்கச் சொல்லலாம். எஸ்2ஐடில், அதாவது மேலே சொன்ன பாதி விழிப்பு, மட்டும் இருந்தால் மிண்டும் ஒன்றும் செய்ய முடியாது, அதற்கு மூலமான உபுண்டுவும் ஒன்றும் செய்ய முடியாது.

#13 புதுவரவு, 9 நவம்பர் 2025

எஸ்2ஐடில் மட்டும்தான் இருக்கிறது. ஹைபர்னேட் வழி இல்லையா?

#14 கருந்திரை, 9 நவம்பர் 2025

இருக்கிறது, ஆனால் வளைந்து வளைந்து போகும் வழி. ராமில் உள்ளதை டிஸ்க்கில் அப்படியே கொட்டி வைத்துவிட்டு முழுதாக அணைவதுதான் ஹைபர்னேட், அதற்குப் போதுமான அளவுக்கு டிஸ்க்கில் ஸ்வாப் என்ற ஒதுக்கிய இடம் வேண்டும். அதோடு செக்யூர் பூட் போட்டிருந்தால் உபுண்டு வழிக் கர்னல் ஹைபர்னேட்டை அனுமதிக்காது. செக்யூர் பூட்டை எடுக்க வேண்டும், எடுத்தால் பிட்லாக்கர் மறுபடி சாவி கேட்கும்.

நான் என்ன செய்கிறேன் தெரியுமா? வீட்டுக்குள் இருந்தால் மூடி வைக்கிறேன். பையில் வைப்பதற்கு முன்னால் ஷட்டவுன். எஸ்எஸ்டியில் திரும்பத் திறக்க அரை நிமிடம்கூட ஆவதில்லை. இவ்வளவு விளக்கிவிட்டு இந்த முடிவா என்று கேட்காதீர்கள், இரண்டு வருடம் போராடிவிட்டுத்தான் சொல்கிறேன்.

#15 கணக்குப்பிள்ளை, 10 நவம்பர் 2025

ஆக, 2017 லேப்டாப் ஒழுங்காகத் தூங்குகிறது, 2024 லேப்டாப் தூங்க மாட்டேன் என்கிறது. என் வீட்டிலும் இதே நிலைதான், தாத்தாவுக்கும் பேரனுக்கும்.

#16 வைகைக்கரை, 11 நவம்பர் 2025

அடுத்த சிக்கல், என் பிழைப்பு சம்பந்தப்பட்டது. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று இருந்தது, சேர்த்தேன். எழுத்து இடங்கள் எல்லாம் தமிழ்99-தான். ஆனால் 'பக்கம்' என்று அடித்தால் 'பககம' என்று வருகிறது. ப, க, க, ம என்று வரிசையாக நிற்கிறார்கள், தலையில் ஒருவருக்கும் புள்ளி இல்லை. விண்டோஸில் இரண்டு க அடித்தால் முதல் க-வுக்குத் தானாகப் புள்ளி விழும். கடைசி ம்-க்குப் புள்ளி நாம் வைப்பதுதான், சரி. ஆனால் நடுவில் உள்ளதுக்கெல்லாம் நானே வைக்க வேண்டுமென்றால் ஒரு நாளில் பத்துப் பக்கம் தாண்டாது.

#17 யாழ்_நிலா, 11 நவம்பர் 2025

நீங்கள் எடுத்தது அடிப்படை விசைத்தளம் அண்ணா. அது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டும்தான் கொடுக்கும், முன்னால் என்ன அடித்தீர்கள் என்ற நினைவு அதற்கு இல்லை. தமிழ்99-இன் அழகே அந்த நினைவில்தான் இருக்கிறது. ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் புள்ளி, ங-வுக்குப் பின் க வந்தால் புள்ளி, ந-வுக்குப் பின் த வந்தால் புள்ளி. உயிரெழுத்து விசையையே அடித்து உயிர்மெய் ஆக்குவதும் அப்படித்தான்.

அதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வேண்டும். அமைப்பில் உள்ளீட்டு முறை என்பதைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஐபஸ் எம்17என் என்ற பொதியை மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவுங்கள். வெளியேறி மீண்டும் உள்ளே வந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழ் என்று பார்த்தால் தமிழ்99 எம்17என் இருக்கும். அதே பட்டியலில் எங்கள் ஊர் ரெங்கநாதன் விசைப்பலகையும் உண்டு, நான் அதைத்தான் பாவிக்கிறேன். முன்பு சேர்த்த தமிழ்நெட் 99-ஐ நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டும் மாறி மாறி வந்து விசர் பிடிக்கும்.

#18 வைகைக்கரை, 11 நவம்பர் 2025

பக்கம். தங்கம். பந்தல். வந்துவிட்டதம்மா, மிக்க நன்றி! மூன்று மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே பெயரில் இரண்டு விசைப்பலகையை வைத்து, ஒன்றில் உயிரை எடுத்துவிட்டு வைத்திருக்கிறார்களே!

#19 மாடிப்படி, 12 நவம்பர் 2025

இரண்டு சிஸ்டமும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. மிண்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். பேட்டரி செத்துவிட்டது என்று போர்டைக் கழற்றக் கொடுத்துவிடாதீர்கள். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. உலகப் பொது நேரத்திலிருந்து இந்தியாவுக்கும் சரி, இலங்கைக்கும் சரி, வித்தியாசம் அதே ஐந்தரைதான். மிண்டிடம் உள்ளூர் நேரத்தையே எழுதச் சொன்னால் தீர்ந்தது.

இன்னொன்று, மிண்டை நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கியதும், அதில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2016 பிப்ரவரியில் மிண்டின் இணையதளத்துக்குள்ளேயே புகுந்து, 17.3 சின்னமன் ஐஎஸ்ஓ சுட்டியைக் கள்ளக்கதவு வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். மிண்ட் குழுவே அதை வெளிப்படையாக அறிவித்தது. இரண்டு நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

#20 கிளிக்_கிளிக், 12 நவம்பர் 2025

ஃபெடோராவில் இதெல்லாம் வராது.

#21 கருந்திரை, 12 நவம்பர் 2025

ஐந்தரை மணி நேரம் ஃபெடோராவிலும் ஐந்தரை மணி நேரம்தான்.

#22 புதுவரவு, 16 நவம்பர் 2025

நேற்று என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன், மறுதொடக்கத்தில் கருப்புத் திரை. வியர்த்துவிட்டது. சிஸ்டத்தைப் பிரதி எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் செயலி அன்று காலையில் எடுத்த பிரதி இருந்தது. பென்டிரைவிலிருந்து மிண்டைத் திறந்து, அங்கிருந்தே டைம்ஷிஃப்டை ஓட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். பத்து நிமிடம்.

இது 18.3 காலத்திலிருந்தே மிண்டோடு வருகிறதாம், நான்தான் முதல் நாள் "அப்புறம் பார்க்கலாம்" என்று மூடப் போனேன். ஆனால் ஒன்று, இது சிஸ்டத்தை மட்டும்தான் காப்பாற்றும். உங்கள் சொந்தக் கோப்புகளை இயல்பாகத் தொடாது. படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வேறு பிரதி எடுத்து வையுங்கள்.

கைரேகை உணரி மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. 22.2-இல் ஃபிங்விட் என்ற செயலி புதிதாக வந்திருக்கிறது, ஆனால் என் உணரி அதன் கண்ணுக்கே தெரியவில்லை.

#23 வைகைக்கரை, 30 நவம்பர் 2025

மூன்று வாரக் கணக்கு. மாதக்கணக்கில் புழங்கியவர்களைக் கேட்டுவிட்டு மூன்று வாரத்தில் தீர்ப்புச் சொல்வது முறையில்லை, அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தமிழ் எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. பழைய வகை எழுத்துருக்களில் வரும் கோப்புகளுக்கு, அந்த எழுத்துருவை இரண்டு முறை சொடுக்கி நிறுவினால் விண்டோஸில் தெரிந்த மாதிரியே தெரிகிறது. பேஜ்மேக்கர் கோப்பு லிபரே ஆபிஸ் டிராவில் திறந்தது, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பத்திகள் கொஞ்சம் இடம் பெயர்ந்து நின்றன. படித்துப் பிழை குறிக்கப் போதும். ஆனால் திருத்திவிட்டு அதே வடிவில் சேமிக்க முடியாது. அதனால் பிழைகளைத் தனிப் பட்டியலாக எழுதி அனுப்புகிறேன். அச்சகத்தில் முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது இதுவே வசதி என்கிறார்கள். கோப்பில் யார் கை வைத்தது என்ற குழப்பம் இல்லையாம்.

டியூஷன் உலாவியிலேயே நடக்கிறது. மனைவிக்கு சிஸ்டம் மாறியதே முதல் இரண்டு நாள் தெரியவில்லை. மூன்றாம் நாள் "அந்தப் பச்சைப் பொத்தான் எப்போது வந்தது?" என்று கேட்டார்.

தோற்றது ஒரே இடத்தில், பிரிண்டரில். பாதி ஜெராக்ஸ் கடைகளில் இருக்குமே, அந்தச் சின்ன லேசர் வகை. மிண்ட் அதன் பெயரைச் சொல்கிறது, வேலையையும் வரிசையில் சேர்க்கிறது, தாள் மட்டும் வருவதில்லை.

#24 கருந்திரை, 30 நவம்பர் 2025

அந்த வகைப் பிரிண்டருக்குச் சொந்த மூளை கிடையாது. பக்கத்தைப் புள்ளி புள்ளியாக மாற்றும் வேலையைக் கணினியில் உள்ள டிரைவர்தான் செய்து, தயாரிப்பாளருக்கே உரிய மொழியில் அனுப்ப வேண்டும். அந்த மொழி வெளியே தெரியாது, லினக்ஸுக்கு அவர்கள் கொடுத்த டிரைவரும் பழைய காலத்தது. புதிய பிரிண்டர் வாங்கும்போது டிரைவரே இல்லாமல் போனிலிருந்து நேரடியாக அச்சடிக்கும் வகையா என்று பாருங்கள். போனுக்கு அச்சடித்தால் மிண்டுக்கும் அச்சடிக்கும்.

#25 வைகைக்கரை, 30 நவம்பர் 2025

இப்போதைக்கு பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் தெருமுனைக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். பக்கம் இரண்டு ரூபாய். கடைக்காரரிடமும் அதே பிரிண்டர்தான், அதே நிறம்கூட. விண்டோஸ் 7-இல் ஓடிக்கொண்டிருக்கிறது.